மெடிகெய்ட் அட்டையும் மருத்துவரின் கடமையும்

அமெரிக்காவில் நடக்கும் பிரசவங்களில் பத்துக்கு நான்குக்கும் சற்று மேலானவற்றின் செலவை மெடிகெய்ட் ஏற்கிறது. லூசியானா, மிசிசிப்பி போன்ற மாநிலங்களில் அது பாதியைத் தாண்டும். ஏழைகளுக்கான இந்த அரசு மருத்துவக் காப்பீடு, 1965-ல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்தது. ஒன்றிய அரசும் மாநிலங்களும் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. கர்ப்பிணிகளுக்கு வருமான வரம்பு தளர்வாகவே வைக்கப்பட்டிருக்கிறது. வறுமைக்கோட்டைவிட 38 விழுக்காடு வரை கூடுதலாக வருமானம் உள்ள குடும்பத்துக் கர்ப்பிணியையும் எல்லா மாநிலங்களும் சேர்த்துக்கொண்டாக வேண்டும். பல மாநிலங்கள் அதற்கும் மேலே போயிருக்கின்றன.

அட்டை கிடைப்பதோடு காரியம் முடிவதில்லை. அந்த அட்டையை ஏற்கும் மகப்பேறு மருத்துவர் கிடைக்க வேண்டும். தனியார் மருத்துவர் எவரும் மெடிகெய்ட் நோயாளியைப் பார்த்தே தீர வேண்டும் என்று ஒன்றியச் சட்டம் சொல்லவில்லை. இதை நிர்வாகக் கோளாறு என்றே பெரும்பாலும் பேசுகிறார்கள். ஆனால் இதன் அடியில் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. உதவி பெற ஒருவருக்கு உரிமை உண்டு என்று சட்டம் சொல்லி, உதவ வேண்டியவர் இன்னார் என்று குறிக்காமல் விட்டுவிட்டால், அந்த உரிமைக்கு என்ன பொருள்? தேடி அலையும் பெண்ணை ஒரு மருத்துவர் மறுக்கும்போது அவர் தவறு செய்கிறாரா, தமக்குள்ள சுதந்திரத்தைப் பயன்படுத்துகிறாரா?

தேடல் எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். விண்ணப்பித்துத் தகுதி பெற்ற பெண், பெரும்பாலான மாநிலங்களில் அரசு ஒப்பந்தம் செய்துள்ள ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் திட்டத்தில் சேர்க்கப்படுகிறார். நிறுவனம் ஒரு மருத்துவர் பட்டியலைத் தருகிறது. அதில் உள்ள எண்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்ய வேண்டியது அவர் பொறுப்பு. எதிர்முனையில் இருப்பவர் முதலில் கேட்பது உடம்பைப் பற்றி அல்ல, எந்த இன்ஷூரன்ஸ் என்றுதான். மெடிகெய்ட் எடுப்போம், ஆனால் அந்தக் கம்பெனியின் திட்டத்தை எடுப்பதில்லை. புது நோயாளிகளை இப்போது சேர்ப்பதில்லை. அந்த டாக்டர் இங்கிருந்து போய் நாளாயிற்று. இத்தனை வாரம் ஆகிவிட்டதா, இனிமேல் எங்களால் எடுக்க முடியாது. இப்படியே பதில்கள் வருகின்றன. ஒன்றிய சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம், பொது மருத்துவர்களையும் சிறப்பு மருத்துவர்களையும் கலந்து இதே போலப் போன் செய்து பார்த்து, 2014-ல் அறிக்கை வெளியிட்டது. பட்டியலில் இருந்தவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்க முடியவில்லை. 35 விழுக்காட்டினர் பட்டியல் சொன்ன இடத்திலேயே இல்லை.

மூட்டு வலிக்காரர் இரண்டு மாதம் காத்திருந்து மருத்துவரைப் பார்த்தாலும் மூட்டு அங்கேதான் இருக்கும். கர்ப்பத்துக்கு அந்த வசதி கிடையாது. முதல் பரிசோதனை எட்டாவது, பத்தாவது வாரத்தில் நடக்க வேண்டும். குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள். சர்க்கரைப் பரிசோதனை 24 முதல் 28 வாரத்துக்குள். தவறிய வாரத்தைப் பிறகு ஈடுகட்ட முடியாது. அதனால் மறுப்பின் எடை இங்கே கூடுகிறது: எவரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யாமலேயே, பல அலுவலகங்களின் சின்னச் சின்ன மறுப்புகள் சேர்ந்து ஒரு பெண்ணின் முதல் மூன்று மாதங்களை விழுங்கிவிடுகின்றன.

மறுக்கும் மருத்துவரிடமும் நியாயம் இருக்கிறது. 2019-ல் மெடிகெய்ட் மருத்துவர்களுக்குக் கொடுத்த கட்டணம், முதியோருக்கான மெடிகேர் கொடுப்பதில் சராசரியாக ஏறத்தாழ 72 விழுக்காடுதான். தனியார் காப்பீடு கொடுப்பதோ மெடிகேரைவிடவும் அதிகம். மகப்பேறு மருத்துவர்கள் கவனக்குறைவு வழக்குகளுக்காகக் கட்டும் காப்பீட்டுப் பிரீமியம் மற்றப் பல துறைகளைவிடக் கூடுதல். பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனைகள், பிரசவம், பிந்தைய கவனிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகையாகக் கட்டணம் தரும் முறை பரவலாக இருப்பதால், பாதியில் வரும் கர்ப்பிணியை ஏற்பதில் கணக்குச் சிக்கலும் உண்டு. முன் பரிசோதனை எதுவும் இல்லாமல் வருபவரின் ஆபத்தையும் ஏற்கும் மருத்துவரே சுமக்க வேண்டும். மருத்துவர் இருந்தால்தானே மறுப்பதற்கும்? மார்ச் ஆஃப் டைம்ஸ் அமைப்பின் 2024 கணக்குப்படி, நாட்டின் கவுன்ட்டிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரசவம் பார்க்கும் மருத்துவமனையோ மகப்பேறு மருத்துவரோ இல்லை. இருக்கும் சிலரின் மேல் எல்லாப் பாரமும் விழுகிறது.

மருத்துவரின் இந்தச் சுதந்திரத்துக்குச் சட்டத்திலும் தொழில் அறத்திலும் நெடிய வரலாறு உண்டு. 1901-ல் இண்டியானா மாநில உச்ச நீதிமன்றம் ஹர்லி எதிர் எடிங்ஃபீல்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. குடும்ப மருத்துவராக இருந்தவரையே ஆபத்தான நிலையில் அழைத்தார்கள். கட்டணம் முன்கூட்டியே தர முன்வந்தார்கள். வேறு மருத்துவர் யாரும் கிடைக்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். அவருக்கு அந்த நேரத்தில் வேறு நோயாளியும் இல்லை. காரணம் எதுவும் சொல்லாமல் வர மறுத்தார், நோயாளி இறந்தார். மருத்துவ உரிமம் என்பது தகுதியற்றவர்களைத் தடுப்பதற்கானது, உரிமம் பெற்றவரை வேலை செய்யக் கட்டாயப்படுத்துவதற்கானது அல்ல என்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. அமெரிக்க மருத்துவர் சங்கமும் தனது அறநெறிகளில் 1912-லேயே இச்சுதந்திரத்தை எழுதிவைத்தது. இன்றும் ஆறாவது நெறி, அவசர நிலை தவிர மற்ற நேரங்களில் யாருக்குச் சேவை செய்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை மருத்துவருக்கு அளிக்கிறது. 2001-ல் ஒன்பதாவது நெறி சேர்ந்தது: எல்லா மக்களுக்கும் மருத்துவம் கிடைப்பதை மருத்துவர் ஆதரிக்க வேண்டும். ஆறாவது நெறி செயலைப் பற்றியது, ஒன்பதாவது ஆதரவைப் பற்றியது. எல்லாருக்கும் மருத்துவம் கிடைக்க வேண்டும் என்று மனமார விரும்பிக்கொண்டே, வாசலில் நிற்கும் ஒவ்வொருவரையும் திருப்பி அனுப்பும் மருத்துவர் இரண்டு நெறிகளையும் மீறியவர் ஆகமாட்டார்.

சுதந்திரத்துக்காக வாதிடுவோரின் தரப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. மருத்துவர் அடிமை அல்ல. விருப்பமில்லாதவரின் கையில் பிரசவம் பார்த்துக்கொள்வது எந்தப் பெண்ணுக்கும் நல்லதல்ல. நோயாளி மருத்துவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால், மருத்துவரும் நோயாளியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதில் ஒரு சமநிலை இருப்பதாகவும் தோன்றும். ஆனால் இந்த வாதம் முழுவதும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: இவர் மறுத்தால் வேறொருவர் இருக்கிறார். அந்த அனுமானம் பொய்யாகும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு ஓர் ஊரின் வரலாறு சாட்சி.

தெற்கு கரோலைனாவின் எய்க்கன் கவுன்ட்டியில் 1970-களின் தொடக்கத்தில் மெடிகெய்ட் பெண்களை ஏற்ற மகப்பேறு மருத்துவர் க்ளோவிஸ் பியர்ஸ் ஒருவர்தான். அரசு உதவியில் வாழும் பெண்ணுக்கு மூன்றாவது குழந்தை என்றால், கருத்தடை அறுவைக்குச் சம்மதித்தால்தான் பிரசவம் பார்ப்பேன் என்பது அவர் வைத்த நிபந்தனை. ரகசியமாக அல்ல, வெளிப்படையாகவே சொன்னார். இதற்கு உள்ளானவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். பாதிக்கப்பட்ட பெண்கள் தொடுத்த வழக்கு 1977-ல் ஒன்றிய அரசின் நான்காம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தபோது, அவர் அரசின் அதிகாரத்தைக் கொண்டு செயல்படவில்லை, தனிப்பட்ட மருத்துவராகத் தம் கொள்கையை வகுத்துக்கொண்டார் என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அரசு தந்த பணத்தில், அரசு காப்பீடு தந்த பெண்ணுக்கு, அந்தக் காப்பீட்டை ஏற்ற ஒரே மருத்துவர் விதித்த நிபந்தனை சட்டத்தின் கண்ணில் தனிமனிதச் சுதந்திரமாகவே நின்றது. பத்து மருத்துவர்கள் இருக்கும் ஊரில் சுதந்திரமாக இருப்பது, ஒருவர் மட்டும் இருக்கும் ஊரில் ஆட்சியாக மாறிவிடுகிறது. இந்த வேறுபாட்டைக் காணாத எந்த அறக்கோட்பாடும் இந்தக் கேள்விக்கு உதவாது.

மேற்கத்திய தத்துவத்தில் இதற்கான சொல்லாடலுக்குச் செல்வாக்கான வடிவம் தந்தவர் இம்மானுவேல் காண்ட். சில கடமைகள் கறாரானவை: பொய் வாக்குக் கொடுக்காதே என்பதில் விலக்கே கிடையாது. சில கடமைகள் நெகிழ்வானவை: பிறருக்கு உதவ வேண்டும், ஆனால் யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதை உதவுபவர் தீர்மானிக்கலாம். ஏழைக் கர்ப்பிணியை ஏற்பது இரண்டாம் வகை என்றே மருத்துவர்கள் பொதுவாகக் கருதுகிறார்கள். இந்த வகைக் கடமையில் ஒரு சிக்கலை நம் காலத்தில் தெளிவாக எடுத்துக்காட்டியவர் பிரிட்டிஷ் தத்துவவாதி ஒனோரா ஓநீல். சித்திரவதைக்கு உள்ளாகாதிருக்கும் உரிமைக்கு எதிரே எல்லாருடைய கடமையும் தானாகவே நிற்கிறது. எல்லாரும் கையை விலக்கிக்கொண்டால் போதும். உணவு, மருத்துவம் போன்றவற்றுக்கான உரிமை அப்படி அல்ல. யாராவது ஒருவர் சமைக்க வேண்டும், யாராவது ஒருவர் பிரசவ அறைக்கு வர வேண்டும். அந்த யாராவது ஒருவர் யார் என்று நிறுவனங்கள் பங்கிட்டுக் கொடுக்காத வரை, உரிமை பேசுவது வெறும் அறிவிப்பாகவே நிற்கும் என்பது அவர் வாதம். அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1943-ல் லண்டனில் இருந்து எழுதிய பிரெஞ்சு தத்துவவாதி சிமோன் வெய், கடமை உரிமைக்கு முந்தியது என்றார். பிறர் தமக்குக் கடமை உண்டு என்று ஏற்கும்போதுதான் உரிமை உயிர்பெறுகிறது என்பது அவர் முடிவு.

சமய மரபுகள் இந்த இடத்தில் தத்துவவாதிகளைவிடத் துல்லியமாகப் பேசியிருக்கின்றன என்று சொல்லத் தோன்றுகிறது. இஸ்லாமிய மரபில் கடமைகள் இரு வகை. தொழுகை போல ஒவ்வொருவர் மேலும் தனித்தனியே விதியானவை பர்ளு ஐன். இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை போல ஊரில் சிலர் நிறைவேற்றினால் மற்றவர்களின் பொறுப்பு நீங்கிவிடுபவை பர்ளு கிஃபாயா. தமிழ் முஸ்லிம்களுக்கு இந்தப் பகுப்பு நன்கு பழக்கமானது. 1111-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் மருத்துவத்தைப் பர்ளு கிஃபாயாவில் சேர்த்தார். அதோடு நிற்காமல், பல ஊர்களில் மருத்துவம் பார்க்க முஸ்லிம்களே இல்லாதபோது, கற்றவர்கள் எல்லாரும் பதவியும் பொருளும் தரும் சட்டக் கல்விக்கே முண்டியடிக்கிறார்களே என்று கடிந்தும் எழுதினார். இந்தக் கோட்பாட்டின் வலிமை அதன் இரண்டாம் பாதியில் இருக்கிறது: ஒருவருமே செய்யாவிட்டால், செய்யக்கூடியவர்கள் அத்தனை பேரும் குற்றவாளிகள். செய்யக்கூடியவர் ஒருவரே இருந்தால், கூட்டுக் கடமை அவருக்குத் தனிக்கடமை ஆகிவிடுகிறது. எய்க்கன் போன்ற ஊருக்கு ஒரு பதிலும் பெருநகரத்துக்கு ஒரு பதிலும் ஏன் வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும். நூறு மகப்பேறு மருத்துவர்கள் உள்ள நகரில் ஒருவர் மறுப்பதைத் தனியே எடுத்துக் குற்றம் சொல்ல முடியாது. நூறு பேரும் மறுத்தால், எந்த ஒருவரையும் சுட்ட முடியாததால் எல்லாரும் விடுபடுவதில்லை, எல்லாருமே பிடிபடுகிறார்கள்.

யூத மரபு இன்னும் கறாரானது. யோசெஃப் காரோ 16-ம் நூற்றாண்டில் தொகுத்த சட்டநூலான 'ஷுல்ஹான் ஆருக்', குணப்படுத்துவதைக் கட்டளையாகவே வைக்கிறது. கைவசமுள்ள மருத்துவத்தைத் தராமல் ஒதுங்குபவர் இரத்தம் சிந்துபவருக்குச் சமம் என்கிறது. வேறு மருத்துவர் இருந்தாலும் இந்த விதி மாறாது என்று அது சேர்த்துச் சொல்வதுதான் வியக்கத்தக்கது. ஒவ்வொரு நோயாளிக்கும் யார் கையால் குணம் கிடைக்கும் என்பது முன்கூட்டித் தெரியாது என்பது காரணம். வேறு யாராவது பார்ப்பார்கள் என்ற சமாதானத்தை இந்த ஒரு வரி முழுவதுமாக அடைத்துவிடுகிறது. அதே நூல் கூலியைப் பற்றியும் பேசுகிறது. மருத்துவர் தம் அறிவுக்கு விலை வாங்கக்கூடாது. ஆனால் உழைப்புக்கும் இழந்த நேரத்துக்கும் வாங்கலாம். ஆகவே மெடிகெய்ட் கட்டணம் தம் நேரத்துக்குக்கூடக் கட்டாது என்று சொல்லும் மருத்துவரின் குறை, இந்த மரபின்படியும் நியாயமான குறையே. அந்தக் குறை ஏழைப் பெண்ணை நோக்கியது அல்ல, கட்டணத்தை நிர்ணயிக்கும் மாநில அரசை நோக்கியது.

கத்தோலிக்கத் திருச்சபை இந்தக் கடமையை நிறுவனமாகவே ஏற்றிருக்கிறது. நாட்டின் மருத்துவமனை நோயாளிகளில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் கத்தோலிக்க மருத்துவமனைகளில் கவனிக்கப்படுகிறார். ஏழைகளுக்கும் காப்பீடு இல்லாதவர்களுக்கும் தனி அக்கறை காட்ட வேண்டும் என்று அமெரிக்க ஆயர்கள் வகுத்த நெறிமுறைகள் பணிக்கின்றன. அதே நெறிமுறைகள் கருத்தடை அறுவையைத் தடுக்கின்றன. மூன்று பிள்ளைகள் போதும் என்று முடிவெடுத்த மெடிகெய்ட் பெண்ணுக்கு, அட்டையை ஏற்கும் ஒரே மருத்துவமனை கத்தோலிக்க மருத்துவமனையாக இருந்தால், பிரசவத்தோடு அந்த அறுவையைச் செய்துகொள்ள வழியில்லை. எய்க்கன் பெண்ணுக்குக் கட்டாயம், இவருக்கு மறுப்பு. நம்பிக்கைகள் நேரெதிர், பெண்ணின் நிலைமை ஒன்றே. தேர்ந்தெடுக்க இன்னொரு வாசல் இல்லை. மனசாட்சிக்காக விலகும் உரிமை மதிக்கத்தக்கது. விலகுபவர் அந்தப் பெண்ணை வேறோர் இடத்தில் சேர்ப்பிக்கும் ஏற்பாடு ஊரில் இருக்கும்போதுதான் அந்த உரிமைக்கு முழு நியாயம் கிடைக்கும்.

கூட்டுக் கடமை என்று ஏற்றால், தனி மருத்துவரின் பங்கு எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. லியம் மர்ஃபி என்ற தத்துவவாதி 2000-ல் வெளியான நூலில், எல்லாரும் தத்தம் பங்கைச் செய்தால் ஒருவருக்கு எவ்வளவு வருமோ அதுவே அவர் கடமையின் எல்லை என்றார்; மற்றவர்கள் செய்யாமல் விட்டதையும் அவர் தலையில் கட்டக்கூடாது. மெடிகெய்ட் பெண்களை ஏற்கும் மருத்துவரின் கிளினிக்கில் அவர்களே நிரம்பி, வருமானம் குறைந்து, கடைசியில் அவரும் கதவைச் சாத்துவதைப் பார்த்தவர்கள் இந்த வாதத்தின் நியாயத்தை உணர்வார்கள். ஆனால் மர்ஃபியின் கணக்கில் பூஜ்யம் ஒரு பங்கு ஆகாது. பத்துப் பிரசவங்களில் நான்கு மெடிகெய்டைச் சேர்ந்தவையாக இருக்கும் நாட்டில், ஒரு மெடிகெய்ட் நோயாளியைக்கூட ஏற்காத மகப்பேறு மருத்துவர் தம் பங்கை அடுத்த தெருவில் உள்ளவர் மேல் ஏற்றுகிறார். அவர் படித்த மருத்துவக் கல்லூரிக்கும் பயிற்சி பெற்ற மருத்துவமனைக்கும் பொதுப்பணம் போயிருக்கிறது. பயிற்சிக் காலத்தில் அவர் கை பழகியதும் பெரும்பாலும் ஏழைப் பெண்களின் பிரசவங்களில்தான். அந்தக் கடனைப் பற்றி எந்த நெறித்தொகுப்பும் உரக்கப் பேசுவதில்லை.

நடைமுறையில் இந்தப் பங்கைச் சுமப்பவர்கள் சிலரே. ஒன்றிய நிதி பெறும் சமுதாய சுகாதார மையங்கள், பணமோ காப்பீடோ இல்லை என்று எவரையும் திருப்பி அனுப்பக்கூடாது. இவற்றின் தொடக்கம் 1965-ல், பாஸ்டனின் கொலம்பியா பாயின்ட்டில். அடுத்தது மிசிசிப்பியின் மவுண்ட் பாயுவில். நிறுவிய ஜாக் கைகர், பட்டினியால் நலிந்து வந்தவர்களுக்கு உணவையே மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்; மளிகைக் கடைகள் பொருளைத் தந்துவிட்டு மையத்துக்குப் பில் அனுப்பின. மருந்துக்கான நிதியை இதற்குச் செலவிடலாமா என்று அரசு அதிகாரிகள் கேட்டபோது, பட்டினிக்குரிய மருந்து உணவுதான் என்று மருத்துவ நூல்களில் படித்த நினைவு என்பதாகப் பதில் சொன்னார். இன்று ஏறத்தாழ 1,400 அமைப்புகள் இப்படி இயங்குகின்றன. கர்ப்பிணி முதலில் போன் செய்ய வேண்டிய இடமும் பல ஊர்களில் இதுதான். பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்ற நர்ஸ்-மிட்வைஃப்களின் சேவைக்கும் மெடிகெய்ட் பணம் தந்தாக வேண்டும் என்பது சட்டம். இன்னொரு பகுதிச் சுமை வெளிநாட்டு மருத்துவர்கள் மேல் இருக்கிறது. 1994-ல் வந்த கான்ராட் திட்டத்தின்படி, பயிற்சி முடித்தவர்கள் நாடு திரும்பாமல் தங்க வேண்டுமானால் மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதியில் மூன்று ஆண்டு பணிபுரிய வேண்டும். தமிழர்கள் உள்ளிட்ட இந்திய மருத்துவர்கள் பலர் அமெரிக்கச் சிற்றூர்களுக்குப் போய்ச் சேர்ந்த வழி இது. நல்ல பலன் தந்த ஏற்பாடுதான். ஆயினும் ஒரு நாட்டின் கூட்டுக் கடமையை, விசா நிபந்தனையால் மறுக்க முடியாதவர்களிடம் ஒப்படைப்பது நியாயமான பங்கீடு ஆகாது.

சட்டம் கடமையைக் கறாராக்கிய இடம் ஒன்று உண்டு. 1986-ல் வந்த அவசர சிகிச்சைச் சட்டத்தின்படி, அவசரப் பிரிவுள்ள மருத்துவமனை பிரசவ வலியோடு வரும் பெண்ணைக் காப்பீடு கேட்டுத் திருப்பி அனுப்ப முடியாது. இதனால் விசித்திரமான நிலை உருவாயிற்று. ஒன்பது மாதம் யாரும் பார்க்கக் கடமைப்படாத பெண்ணைப் பத்தாவது மாதத்தில் எல்லாரும் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். கர்ப்பக்கால இரத்த அழுத்தத்தைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்திருக்க வேண்டிய கவனிப்பு விருப்பத்துக்கு விடப்பட்டது. அது முற்றி வலிப்பாக வரும்போது செய்யும் கவனிப்பு கட்டாயமாயிற்று.

உரிமம் பெற்றவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்ற 1901 தீர்ப்பின் வாதமும் அசைக்க முடியாததாக நிற்கவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலம் 1985-ல், மெடிகேர் அனுமதித்த கட்டணத்துக்கு மேல் முதியோரிடம் வாங்குவதில்லை என்பதை மருத்துவ உரிமத்தின் நிபந்தனையாகவே ஆக்கியது. மருத்துவர் சங்கம் வழக்குத் தொடுத்துத் தோற்றது. உரிமத்தோடு கடமையை இணைக்க முடியும் என்பதற்கு அது சான்று. மகப்பேற்றில் அப்படி ஒரு பங்கை விதிக்க மாநிலங்கள் துணியவில்லை. துணிந்தால் கட்டணத்தையும் உயர்த்த வேண்டிவரும் என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

மெடிகெய்ட் சட்டத்திலேயே இரண்டு வாக்குறுதிகள் இருக்கின்றன. அந்தப் பகுதியின் மற்ற மக்களுக்குக் கிடைக்கும் அளவுக்காவது மருத்துவர்கள் கிடைக்கும்படி மாநிலம் கட்டணம் தர வேண்டும் என்பது ஒன்று. தகுதியுள்ள எந்த மருத்துவரையும் பயனாளி தேர்ந்தெடுக்கலாம் என்பது மற்றது. முதலாவதை வைத்து மருத்துவச் சேவை தருவோர் மாநிலத்தின்மேல் வழக்குத் தொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்தது. இரண்டாவதை வைத்துப் பயனாளியும் வழக்குத் தொடுக்க முடியாது என்று 2025 ஜூனில், தெற்கு கரோலைனாவிலிருந்தே வந்த ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஓநீல் தத்துவமாகச் சொன்னதை நீதிமன்றம் சட்டமாகவே ஆக்கிவிட்டது: வாக்குறுதி ஏட்டில் இருக்கிறது, அதை நிறைவேற்றக் கேட்கும் அதிகாரம் அது யாருக்காக எழுதப்பட்டதோ அவரிடம் இல்லை. மாநிலம் தவறினால் ஒன்றிய அரசு நிதியை நிறுத்தலாம் என்பதே மிஞ்சும் தண்டனை. நிதி நின்றால் முதலில் பாதிக்கப்படுவது அதே கர்ப்பிணிதான்.

2024-ல் ஒன்றிய அரசு வெளியிட்ட விதி, கடமைக்கு ஓர் அளவுகோலைக் கொண்டுவந்தது. மெடிகெய்டில் உள்ள பெண்ணுக்கு மகப்பேறு மருத்துவரின் வழக்கமான அப்பாயின்ட்மென்ட் 15 வேலை நாட்களுக்குள் கிடைக்க வேண்டும். பத்தில் ஒன்பது முறையாவது இந்தக் கெடு நிறைவேற வேண்டும். பட்டியல் உண்மையானதா என்று சோதிக்க, நோயாளி போலப் பேசும் வெளியாட்கள் போன் செய்து பார்க்க வேண்டும். 2027 ஜூலைக்குப் பிறகு தொடங்கும் ஒப்பந்த ஆண்டுகளுக்குக் கெடுவும், அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து சோதனையும் என்று நாள் குறிக்கப்பட்டது. இந்த விதி தனி மருத்துவர் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்தின் மேலும், அதற்குப் பணம் தரும் மாநிலத்தின் மேலும் விழுகிறது. குறை கண்டால் மாநிலம் திருத்தத் திட்டம் எழுதித் தாக்கல் செய்ய வேண்டும். கட்டணத்தை உயர்த்துவதா, மிட்வைஃப்களை அதிகம் சேர்ப்பதா, சொந்தமாக மருத்துவர்களை நியமிப்பதா என்ற தேர்வும் மாநிலத்துக்கே விடப்பட்டிருக்கிறது. 16-வது நாளும் இடம் கிடைக்காத பெண்ணுக்கு அந்த விதியிலும் நீதிமன்றம் போக வழி தரப்படவில்லை.